கூடையும் கழகமும்

தமிழ் இலக்கியத்தில் பந்து பெரும்பாலும் மகளிர் கையிலேயே இருக்கிறது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் கந்துகவரி பாடிப் பந்தாடுவோர் பெண்கள். பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் பந்தடித்துத் தம் திறம் காட்டுவோரும் அரண்மனை மகளிரே. நம் வட்டாரத்துக் குற்றாலத்தைக் களமாகக் கொண்டு திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குறவஞ்சியில், இறைவன் உலா வரும் வேளையில் பந்தாடிக் கொண்டிருப்பவள் வசந்தவல்லி. இவ்வாட்டங்களுக்கு எதிரணி கிடையாது. இலக்குக் கம்பமோ நடுவரோ கிடையாது. ஒருத்தியை மற்றொருத்தி விஞ்ச முயலும் இடத்திலும், அவரவர் பந்து அவரவர் கையிலேயே நிற்கும். பந்து எழுவதையும் விழுவதையும் எண்ணுவதே ஆட்டம்.

கம்பர் பாலகாண்டத்து நாட்டுப் படலத்தில் ஒரு பாடல் செய்திருக்கிறார். இளம் பெண்கள் பந்து பயிலும் இடத்தையும், முருகனை ஒத்த இளைஞர்கள் கலை தெரியும் இடத்தையும் அதில் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறார். பின்னதற்கு அவர் ஆளும் சொல் ‘கழகம்’. இதே சொல்லை வள்ளுவர் சூது அதிகாரத்தில் ஆள்கிறார். அங்கே அதற்குச் சூதாடும் களம் என்று பொருள். ஆடுவோர் கூடும் இடமாக ஓரிடத்தில் நின்ற சொல், கற்போர் கூடும் இடமாக வேறோரிடத்தில் நிற்கிறது. பெண்களின் பந்தும் இளைஞரின் கழகமும் கம்பர் பாட்டில் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று தொடவில்லை. அவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி, அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், நாம் காணாத பனிநாட்டில் நடந்தது. அதுவே கூடைப்பந்தின் பிறப்பு.

சடுகுடுவைக் கண்டவர் யார், கிட்டிப்புள்ளைக் கண்டவர் யார் என்று கேட்டால் விடை கிடையாது. அவை நாட்டுப்பாடலைப் போல ஆசிரியர் இன்றி வளர்ந்தவை. கூடைப்பந்துக்கோ பிறந்த ஊர் உண்டு, நாள் உண்டு, ஆசிரியர் உண்டு. ஆயினும் ஆசிரியரை மட்டும் கொண்டாடிவிட்டு அமைவது அதன் வரலாறு ஆகாது. ஆட்டத்தைக் கண்டவர் ஒருவர். அதை நிற்க வைத்தவை சங்கங்கள். அச்சங்கங்கள் யாருக்குக் கதவைத் திறந்தன, யாருக்குச் சாத்தின என்பதையும் சேர்த்தே இக்கட்டுரை நோக்குகிறது.

துணிக்கடையில் பிறந்த சங்கம்

இலண்டன் மாநகரில் புனித பவுல் பேராலயத்தை அடுத்த ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்த இளைஞர் ஜார்ஜ் வில்லியம்ஸ். நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். கடைச் சிப்பந்திகள் நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டுக் கடை மாடியிலேயே நெருக்கியடித்துப் படுத்துறங்கிய காலம் அது. ஓய்வு நேரத்தில் போக்கிடம் என்றால் மதுக்கடைதான். வில்லியம்ஸும் அவருடைய தோழர்களுமாகப் பன்னிருவர் கூடி 1844ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் தொடங்கியதே கிறித்தவ வாலிபர் சங்கம்; மக்கள் வழக்கில் ஒய்.எம்.சி.ஏ. தறியும் துணியுமாக வாழும் சங்கரன்கோவிலார் இதனை வேற்றூர்க் கதையாகக் கேட்க வேண்டியதில்லை. பகலெல்லாம் துணியோடு உழன்ற பிள்ளைகள் மாலையில் கூடுவதற்கு ஓரிடம் தேடினார்கள் என்பதே செய்தி.

தொடக்கத்தில் அச்சங்கத்துக்கு விளையாட்டில் நாட்டமில்லை. வேத வாசிப்பும் வழிபாடுமே அதன் பணி. 1851இல் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தில் கால் ஊன்றிய பிறகு நிலைமை மாறிற்று. நகரத்து இளைஞர்களை ஈர்க்கச் சொற்பொழிவு மட்டும் போதவில்லை. 1869இல் நியூயார்க்கில் எழுப்பிய கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இடம் வைத்தார்கள். உடலைப் பேணுவது பாவத்துக்கு வழி என்று கருதிய பழைய பெரியவர்கள் முகம் சுளித்தனர். பின்னர் லூதர் குலிக் என்னும் மருத்துவர் உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து, அதையே சங்கத்தின் சின்னமாக்க வழிசெய்தார். உடல் வளர்த்தலை உயிர் வளர்த்தலாகக் கண்ட திருமூலர் மரபில் வந்த நமக்கு அம்முக்கோணம் வியப்புத் தருவதன்று. அவர்களுக்கு அது பெரும் புரட்சி.

பதினான்கு நாள்

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் அச்சங்கம் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தது. 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே ஒரு வகுப்பு ஆசிரியர்களுக்குத் தலைவலியாக இருந்தது. மாணவர் பதினெட்டுப் பேர், வளர்ந்த ஆண்கள், சங்கச் செயலர்களாகப் பயிற்சி பெற வந்தவர்கள். இலையுதிர் காலத்தில் கால்பந்தும் வேனிலில் பேஸ்பாலும் ஆடிய அவர்களுக்கு, இடைப்பட்ட பனிக்காலத்தில் கூரைக்கடியில் கைகால் வீசும் கவாத்துச் சலிப்பைத் தந்தது. இரண்டு ஆசிரியர்கள் முயன்று கைவிட்டனர். குலிக் அவ்வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரிடம் ஒப்படைத்து, உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைக் காணப் பதினான்கு நாள் தவணை கொடுத்தார்.

நெய்ஸ்மித் 1861இல் கனடாவின் ஆல்மாண்டி என்னும் ஊரின் அருகே பிறந்தவர்; சமயக் கல்வி பயின்று போதகராகத் தகுதி பெற்றவர். முதலில் தெரிந்த ஆட்டங்களையே கூரைக்குள் கொண்டுவந்து பார்த்தார். கால்பந்தில் சன்னல் கண்ணாடி உடைந்தது. பிடித்துத் தள்ளும் ஆட்டங்களில் பலகைத் தரையில் விழுந்து காயம்பட்டனர். தவணை முடியும் தறுவாயில் அவர் வழியை மாற்றினார். ஆட்டங்களைத் தேடுவதை விட்டுவிட்டு, ஆட்டங்களில் முரட்டுத்தனம் எங்கே பிறக்கிறது என்று ஆராய்ந்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடுபவனைத்தான் மற்றவர் மறித்து வீழ்த்துகின்றனர். ஓடவே கூடாது என்று விதித்துவிட்டால்? அப்போது பந்து கையில் கிடைத்தவன் அதை அடுத்தவனுக்குக் கொடுத்தே தீர வேண்டும்.

அடுத்த இடர்ப்பாடு இலக்கு. தரையில் நிற்கும் இலக்கை நோக்கி எறிபவன் வேகமாகவே எறிவான். சிறு பிள்ளையாய் இருந்தபோது தம் ஊரில் ஆடிய ஓர் ஆட்டம் அவர் நினைவுக்கு வந்தது. பாறைமேல் ஒரு கல்லை வைத்து, எட்ட நின்று வேறு கல்லால் அதைத் தட்டிவிட வேண்டும். வேகமாக எறிந்தவன் கல் எங்கோ போய் விழும். வளைத்து மெல்ல எறிந்தவனே வென்றான். ஆகவே இலக்கைத் தலைக்குமேல் படுக்கைவாட்டில் வைத்தால் வன்மை தானே அடங்கும் என்று கண்டார். ஒரு பெரிய கண்டுபிடிப்பின் அடியில் சிற்றூர்ப் பிள்ளைகளின் கல்லாட்டம் கிடக்கிறது என்பதை நாட்டுப்புற இயலில் ஈடுபாடுடைய நம் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கூடத்தைக் கவனித்துவந்த பணியாளரிடம் அவர் கேட்டது இரண்டு பெட்டிகள். பெட்டி இல்லை, பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டு இருந்தன. அவற்றை மாடத்தின் விளிம்பில் அறைந்தார்கள். விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்று உலகமெங்கும் வளையம் பத்தடி உயரத்தில் நிற்பதற்கு அந்த மாடம் தவிர வேறு காரணம் இல்லை. பதின்மூன்று விதிகளை இரண்டு தாள்களில் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினார். (அவ்விரு தாள்களும் 2010ஆம் ஆண்டு ஏலத்தில் நாற்பத்து மூன்று இலட்சம் டாலருக்கு விலைபோயின. கவிதைக் கையெழுத்துப் படிகளைப் பழைய தாள் கடைக்குப் போடும் நம்மவர் சிந்திக்க!)

1891 டிசம்பர் 21ஆம் நாள் அணிக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் ஆடப்பெற்றது. முழு ஆட்டத்திலும் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது. போட்டவர் வில்லியம் சேஸ். கூடைக்கு அடி இருந்தமையால் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் முரண்டு பிடித்தவர்களில் முன்னணியில் நின்ற பிராங்க் மஹான் என்பவரே, ஆட்டத்துக்கு நெய்ஸ்மித் பெயரையே சூட்டலாம் என்றார். ஆசிரியர் சிரித்து மறுத்துவிட, அப்படியானால் ‘கூடைப்பந்து’ என்போம் என்றார் அவர். கூடை போய் இரும்பு வளையமும் அடியற்ற வலையும் வந்து நூறாண்டுக்கு மேலாகியும், ‘கூடைப்பந்து’ என்று தமிழ் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டதால், அந்தப் பழக்கூடை நம் மொழியில் இன்னும் தொங்கிக் கொண்டிருக்கிறது.

இதுவரை தனிமனிதர் கதை. இனிமேல் நடந்தது சங்கத்தின் கதை. விதிகள் 1892 ஜனவரியில் பயிற்சிப் பள்ளியின் இதழில் அச்சாகி நாடெங்கும் இருந்த கிளைகளுக்குச் சென்றன. அந்தப் பதினெட்டு மாணவரும் படிப்பு முடிந்து பல ஊர்களுக்குப் பணியாற்றப் போயினர்; போன இடமெல்லாம் ஒரு பந்தும் இரண்டு கூடைகளும் போயின. அச்சகமும் கிளையும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாதிருந்தால், ஸ்பிரிங்பீல்டு மாணவர் சிலரின் குளிர்காலப் பொழுதுபோக்காக அது முடிந்திருக்கும். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், அருகிலுள்ள ஹோலியோக் நகரக் கிளையில் வில்லியம் மார்கன் என்பவர், கூடைப்பந்தின் ஓட்டம் தாங்காத நடுவயதினருக்காக வேறோர் ஆட்டத்தைக் கண்டார். அதுவே வாலிபால் என்னும் கைப்பந்து.

சாத்திய கதவுகள்

சங்கமே தான் பெற்ற பிள்ளையை வெளியேற்றவும் செய்தது. முன்னர் ஐம்பது பேர் உடற்பயிற்சி செய்த கூடத்தை இப்போது பத்துப் பேர் பிடித்துக்கொண்டனர். பார்வையாளர் கூச்சலும் முரட்டாட்டமும் பெருகின என்று கூறிப் பல கிளைகள் கூடைப்பந்துக்குத் தடை விதித்தன. வெளியேற்றப்பட்ட இளைஞர்கள் வாடகை மண்டபங்களைத் தேடினர். வாடகை கொடுக்க நுழைவுச் சீட்டு விற்றனர். மிஞ்சிய காசைப் பங்கிட்டுக் கொண்டனர். பணத்துக்கு ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து இவ்வாறு 1896 அளவில் தொடங்கிற்று. ஒழுக்கத்துக்கென்று படைத்த ஆட்டம் வணிகமானதற்கு ஒழுக்கக் காவலரின் தடையே வழிகோலியது.

பெண்கள் அச்சங்கத்தின் பெயரிலேயே இடம்பெறாதவர்கள். அவர்கள் காத்திருக்கவும் இல்லை. ஸ்பிரிங்பீல்டுக்கு அண்மையில் நார்தாம்டன் நகரத்து ஸ்மித் கல்லூரியில், லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் வந்த செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, 1892இலேயே தம் மாணவியருக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அங்கு நடந்த வகுப்புப் போட்டியைக் காண ஆண்களுக்கு அனுமதி இல்லை. களத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதியைத் தாண்டலாகாது என்று அவர் விதித்தார். பெண்ணுடல் மெலிது என்ற அக்கால எண்ணம் அவரையும் விடவில்லை. அந்த மகளிர் ஆட்டம் இங்கிலாந்து சென்று வலைப்பந்தாகி, அங்கிருந்து இலங்கைப் பெண் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிய வலைப்பந்து வாகையை இலங்கை வென்ற 2009ஆம் ஆண்டு, வளையத்தின் கீழ் நின்று பந்தைப் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். போர் ஓய்ந்த அதே ஆண்டு அது.

கறுப்பின மக்களுக்கு நேர்ந்தது வேறு. எட்வின் ஹென்டர்சன் என்னும் கறுப்பின ஆசிரியர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கோடைக்காலப் பயிற்சியில் கூடைப்பந்தைக் கற்றுவந்து, 1904 முதல் வாஷிங்டன் நகரத்துக் கறுப்பினச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். 1907இல் அந்நகரின் வெள்ளையர் கிளைச் சங்கத்தில் நடந்த ஆட்டம் ஒன்றைக் காணச் சென்றபோது அவரை வெளியேற்றினர். ஆடுவதற்கு அன்று, பார்ப்பதற்கு! அவர் மனம் தளராமல் கறுப்பின மாணவர்க்கென்றே போட்டிகளை ஏற்பாடு செய்தார். பந்தைப் பிறருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதியை வகுத்த சங்கம், தன் வாயிற்படியில் அந்த விதியை மறந்தது.

சென்னை வந்த வழி

அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட டேவிட் மெக்கானகி என்பவரின் முயற்சியால் 1890இல் சென்னையில் சங்கக் கிளை உருவாயிற்று. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் நிற்கும் செங்கல் நிறக் கட்டடத்துக்குப் பொருளுதவி செய்தவர் பிலடெல்பியா வணிகர் ஜான் வனமேக்கர். அவரும் துணிக்கடைக்காரர்தாம்! முதல் ஆட்டத்தில் ஆடிய பதினெண்மரில் ஒருவரான டங்கன் பாட்டன், 1894இல் இந்தியாவுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தார் என்று அவ்விளையாட்டின் வரலாறுகள் குறிக்கின்றன. நூலாசிரியர்கள் இச்செய்தியைப் பெருமையுடன் எடுத்துரைப்பர். என் கருத்தில் அதற்கு அத்துணை முதன்மை வேண்டா. வருவது வேறு, நிலைப்பது வேறு. விதை தூவியவர் போய்விட்டால் நீர் பாய்ச்சுவோர் வேண்டும்.

நீர் பாய்ச்சியவர் ஹாரி குரோ பக். பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர், ஸ்பிரிங்பீல்டுப் பள்ளியிலேயே பயின்றவர். 1919இல் சென்னை வந்தார். அடுத்த ஆண்டே, 1920இல், ஐந்து மாணவர்களைக் கொண்டு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் துணைவியார் மேரி பக் அம்மையாரும் உடனுழைத்தார். விளையாட்டைக் கற்பிப்பது படித்துப் பெற வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணமே அன்று இந்நாட்டுக்குப் புதிது. பள்ளிக்கூடங்களில் கவாத்துப் பழக்கப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை வைத்துக்கொண்ட காலம் அது. ‘டிரில் வாத்தியார்’ என்ற பெயர் அக்காலத்தின் எச்சம். பக் உருவாக்கிய ஆசிரியர்கள் ஊதலோடு விதிப்புத்தகத்தையும் கையில் கொண்டு சென்றனர். 1930களின் தொடக்கத்தில் அப்பள்ளி அடையாற்றங்கரையின் பரந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அவ்விடம் இன்று நந்தனம் எனப்படுகிறது. இளைஞர் கலை பயிலும் கழகத்தைப் பாடும் கம்பர், அது நந்தனவனம் அன்று, மணம் பரப்பும் முல்லைநிலம் என்கிறார். சென்னையில் அக்கழகம் நந்தனத்திலேயே அமைந்துவிட்டது!

பக்கின் பணி கூடைப்பந்தோடு நிற்கவில்லை. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே பயிற்சியாளர். சங்கத்தின் மற்றோர் உடற்கல்வி இயக்குநரான நோரன் என்பவர் ஊர்தோறும் அலைந்து மாநில அமைப்புகளை ஒன்றுகூட்டினார். 1927இல் தோராப்ஜி டாட்டா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தபோது அதன் செயலராய் இருந்தவர் நோரனே. ‘வியாயாம்’ என்னும் இதழும் சென்னைப் பள்ளியைச் சார்ந்து வெளிவந்தது. மேலைநாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் விதி வகுத்து நூலாக்கினார் பக். 1943இல் அவர் மறைந்தபோது, தென்னாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றின் மைதானங்களில் அவர் மாணவர்கள் நின்றனர்.

இவ்வளவும் மறுக்க முடியாத தொண்டு. அதே வேளையில், ஆளும் இனத்தாரின் சமயத்தைப் பெயரில் தாங்கிய சங்கம் இது என்பதை அக்கால இந்தியர் மறக்கவில்லை. இளைஞரை விளையாட்டில் ஆழ்த்தி அரசியலிலிருந்து விலக்கும் சூழ்ச்சி என ஐயுற்றவர் உண்டு. சேலத்தில் பிறந்து, சங்கத்தின் இந்தியப் பொதுச்செயலராக 1916இல் அமர்ந்த முதல் இந்தியர் கே.டி. பால் அந்த ஐயத்துக்குத் தம் வாழ்வால் விடை தந்தார். சங்கம் நகரத்துப் படித்த இளைஞரோடு நிற்கக் கூடாது, சிற்றூருக்குச் செல்ல வேண்டும் என்றார். 1920களில் மார்த்தாண்டத்தில் எழுந்த ஊரக மேம்பாட்டு நிலையம் அவ்வழியில் வந்தது. குமரி மாவட்டத்துத் தேன் இன்று பெற்றிருக்கும் பெயரில் அந்நிலையத்துக்குப் பங்குண்டு. கே.டி. பால் 1930இல் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கும் அழைக்கப்பட்டார், 1931இல் காலமானார்.

சேரன்மாதேவி

சென்னையில் பக் பள்ளி தொடங்கிய அதே ஆண்டுகளில் பொருநைக் கரையில் வேறொரு முயற்சி நடந்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலத்தை இலக்கிய அன்பர்கள் அறிவர். சிறையிலிருந்தபடியே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதியவர், திருக்குறளை மொழிபெயர்த்தவர், உடல் வலிமையிலும் மற்பயிற்சியிலும் பெருவிருப்பம் கொண்டவர். ஏட்டுக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி மூன்றும் கூடிய நாட்டுக் கல்வியே அவருடைய கனவு. நம் மாவட்டத்தில் இளைஞர்களின் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வளர்க்க எழுந்த முதல் தமிழ் அமைப்புகளில் ஒன்று என அதனைச் சொல்லலாம்.

அது எதில் உடைந்தது என்பதும் தெரிந்ததே. பிராமண மாணவர் இருவரைத் தனியே உண்ண அனுமதித்ததால் எழுந்த கிளர்ச்சியில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் முன்னின்றனர். தமிழகக் காங்கிரசே அதனால் பிளந்தது. ஐயர் 1925 ஜூன் மாதம் பாபநாசத்துக் கல்யாண தீர்த்த அருவியில், தவறி விழுந்த மகளைக் காக்க முயன்று உயிர் துறந்தார். ஐயரின் தமிழ்த் தொண்டை நான் மதிக்கிறேன். எனினும் ஒரே மைதானத்தில் பயிற்சி செய்த பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர முடியாத கழகம் நிலைத்திருக்க வழியில்லை. 1907இல் வாஷிங்டன் வாயிலில் ஹென்டர்சனுக்கு நேர்ந்ததும் சேரன்மாதேவிப் பந்தியில் நேர்ந்ததும் எனக்கு ஒரே நிகழ்ச்சியின் இரு வடிவங்களாகவே படுகின்றன.

மண்தளம்

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில்தான் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. எழுபத்தைந்து வயதை நெருங்கிய நெய்ஸ்மித்தை அங்கே அனுப்பிவைக்க அமெரிக்க ஆடுகளங்களில் சிறு காசாகத் திரட்டினர். பனிக்கு அஞ்சிக் கூரைக்குள் படைத்த ஆட்டத்தை ஜெர்மானியர் திறந்தவெளி மண்தளத்தில் வைத்தனர். இறுதி ஆட்டத்தன்று பெருமழை. தளம் சேறாகிப் பந்து எழவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்ற புள்ளிகளோடு அச்சேற்றில் ஆட்டம் முடிந்தது. அதே பெர்லினில், 1914இல் தோன்றிய அமராவதி அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்து இளைஞர்கள் நம் சடுகுடுவை உலகோர் முன் ஆடிக்காட்டினர். ஆசிரியர் பெயர் அறியப்பட்ட ஆட்டமும் ஆசிரியரே இல்லாத ஆட்டமும் ஒரே ஊரில் ஒரே விழாவில் சந்தித்தன. இரண்டையும் அங்குக் கொண்டு சேர்த்தவை இளைஞர் சங்கங்கள்.

மண்தளத்தில் ஆடும் கூடைப்பந்து நமக்குப் பழக்கமானது. செம்மண்ணை நீர் தெளித்து இறுக்கி, இரண்டு கம்பங்களில் பலகை அறைந்து, கொல்லர் அடித்த வளையத்தை மாட்டினால் களம் ஆயத்தம். இந்தியாவில் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1934இல் நடைபெற்றது; கூட்டமைப்பு 1950இல் உருவாயிற்று. இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980இல் மாஸ்கோவில் மட்டுமே. இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு உரிய பங்கைப் பெருநகரத்தார் எழுதுவதில்லை. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் கழகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடைதோறும் அகில இந்தியப் போட்டி நடத்திவருகிறது. மாந்தோப்புகள் சூழ்ந்த அச்சிற்றூருக்குக் கடற்படை அணியும் தரைப்படை அணியும் வங்கி அணிகளும் வந்து மின்னொளியில் ஆடுகின்றன. கரூரிலும் இதுபோன்ற போட்டி உண்டு. அரசு ஆணையோ மாநகரத்துச் செல்வமோ இன்றி, உள்ளூரார் சிலர் கூடி ஆண்டுதோறும் விடாது செய்ததால் வந்த பெருமை இது. கோவில்பட்டி வளைகோல் பந்தால் பெயர் பெற்றதும் இவ்வாறே.

கூடைப்பந்துக்குத் தளமும் பலகையும் வேண்டும். வாலிபாலுக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். அதனால்தான் ஹோலியோக் நகரத்து நடுவயதினரின் ஆட்டம் நெல்லைச் சீமையின் ஊரோரப் பொட்டலில் பொழுது சாயும் நேரத்து ஆட்டமாயிற்று. அர்ஜுனா விருது ஏற்படுத்தப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. கூடைப்பந்தில் நம் பெருமைக்குரியவர் ஒரு பெண். சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றார். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வசந்தவல்லியின் மரபு அறுபடவில்லை.

இறுதியாக நம் ஊர்ப்புற மன்றங்களைப் பற்றி. தேகப்பயிற்சி சாலை, நற்பணி மன்றம், படிப்பகம், இளைஞர் மன்றம் எனப் பெயர் பலவாகினும், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் விளையாட்டுப் போட்டி வைப்பவை இவைதாம். 1972இல் தோன்றிய நேரு இளையோர் மையம் இவற்றில் பலவற்றைப் பதிவு செய்து பந்தும் வலையும் வழங்கியது. இவை இல்லாவிட்டால் பள்ளிப் படிப்பை நிறுத்திய பையனுக்குப் பந்து கிடைத்திராது. ஆனால் ஊர்க்காரர் அறிந்த ஒன்றை மலரில் எழுதாமல் விடுவது முறையன்று. தெருவுக்கு ஒரு மன்றம். மன்றத்துக்கு ஓர் அணி. தெருவென்றால் எது என்று நம்மிடையே விளக்க வேண்டியதில்லை. இறுதிப் போட்டி அடிதடியில் முடிந்தால் அதற்கு ஆட்டம் மட்டும் காரணமாக இருப்பதில்லை.

பள்ளிகளிலும் இது புகுந்துவிட்டது. தமிழகத்தில் சில மாவட்டங்களில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வருகின்றனர் என்றும், அவ்வடையாளங்கள் விளையாட்டு அணிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பயன்படுவதாகத் தெரிகிறது என்றும் 2019ஆம் ஆண்டு பள்ளிக் கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை கூறிற்று. அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. சங்கரன்கோவில் நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் உடன்படித்தோரால் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அளித்த அறிக்கையிலும் அக்கயிறுகள் இடம்பெற்றன. அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நெய்ஸ்மித் ஒட்டிய பதின்மூன்று விதிகளில் மூன்றாவது, பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதை அவ்விதி சொல்லவில்லை. கயிறு பார்த்து அணி சேர்க்கும் மைதானத்தில் அது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.